டீக்குத்தான் போனோம் என்றோம்

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சினிமாவுக்குப் போனால்கூட இடைவேளைக்கு முன்னாலேயே எழுந்து வாசலுக்கு வந்துவிடுவேன். அப்படிப்பட்டவளைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு குழுவில் உட்காரவைத்தார்கள். புதன்கிழமைதோறும் மீட்டிங். முதுகு சாய முடியாத பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்கு மேலே கடகடவென்று ஒரு ஃபேன். வெளியே போய் ரெண்டு தெருவைக் கூட்டிவிட்டு வரலாமா என்று கை அரிக்கும்.

நான் தெருக் கூட்டுகிறவள். ஒப்பந்த வேலை. பிறந்தது கொட்டாம்பட்டிப் பக்கம், வாக்கப்பட்டு வந்தது விளாங்குடிக்கு. எந்த வார்டு, எந்த ஆபீஸ் என்றெல்லாம் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். பன்னிரண்டு வரை படித்திருக்கிறேன், வாயும் கொஞ்சம் நீளம். அதனால்தான் குழுவுக்கு என் பேரைக் கொடுத்தார்கள்.

மேலே இருந்து உத்தரவு போட்டு வேலையைத் திருத்துவதைவிட, வேலை பார்க்கிறவர்களே கூடிப் பேசித் திருத்தட்டும் என்பது அந்தக் குழுவின் யோசனை. நல்ல யோசனைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். சுகாதார ஆய்வாளர் தலைமை. சின்ன வயசு, புதுசாக வந்தவர், எங்களை 'வாங்க போங்க' என்று பேசுகிற மனுஷன். அப்புறம் எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற மேஸ்திரி, பேசுவதை எல்லாம் டைப் அடிக்கிற கம்ப்யூட்டர் மேடம், குப்பை வண்டி ஓட்டுகிற ஆம்பளைகள் நாலு பேர், நான். தள்ளுவண்டிச் சக்கரம் தார் ரோட்டில் சிக்கிச் சிக்கி நிற்கிறது என்று முதல் மீட்டிங்கிலேயே சொன்னேன். அந்த மாசமே மாற்றிக் கொடுத்தார்கள். ஆகா, வாயைத் திறந்தால் காரியம் நடக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பிறகுதான் அந்த மேப் வந்தது. கடைசித் தெருக்களைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் கூட்டுகிறார்கள் என்று ஜனங்கள் புகார் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஆபீஸில் கொடுத்து நாங்கள் இடுப்பில் செருகியிருக்கும் போன், நாங்கள் போகிற வழியை எல்லாம் கோடாகப் போட்டு வைத்திருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சுவரில் பெரிசாகக் காட்டினார்கள். மற்ற ஜோடிகளின் கோடெல்லாம் நேராகப் போனது. எங்கள் கோடு மட்டும் பாதித் தெருவில் வேலையை விட்டுவிட்டு, மெயின் ரோட்டைத் தாண்டி, எங்கேயோ போய் நின்று, திரும்பி வந்தது. தினமும் அப்படியே.

எங்கள் என்றால் நானும் அக்காவும். கூடப் பிறந்த அக்கா இல்லை, வேலையில் என் ஜோடி. என்னைவிட ரொம்ப மூத்தவள், சுகர் இருக்கிறது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகள் நர்சிங் படிக்கிறாள். ஊர் என்ன பேசினாலும், தெருக் கூட்ட வந்தாலும் தலையில் பூ இல்லாமல், கஞ்சி போட்ட சேலை இல்லாமல் வர மாட்டாள். 'குப்பை தெருவுல இருக்கட்டும், நம்ம மேல எதுக்கு' என்பாள். அன்றைக்கு அவளையும் மீட்டிங்குக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"இந்த எடத்துல டெய்லி எங்கம்மா போறீங்க?" என்று ஆய்வாளர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

எங்கே போனோம் என்று உங்களுக்குச் சொல்கிறேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். அதன் வாட்ச்மேன் பின்கேட்டைத் திறந்து வைப்பார். மேனேஜர் வருவதற்குள் நாங்கள் உள்ளே போய் ஒண்ணுக்குப் போய்விட்டு வந்துவிடுவோம். பதிலுக்கு மண்டபத்து வாசலைப் பளிச்சென்று கூட்டிக் கொடுப்போம். விடிவதற்கு முன்னே வேலைக்கு வருகிற பொம்பளைகளுக்கு அந்த வட்டாரத்தில் வேறு போக்கிடம் கிடையாது. பஸ் ஸ்டாப் பக்கத்துக் கழிப்பறையை எட்டு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். வாட்ச்மேன் பேரை வெளியே விட்டால் அவர் வேலைக்கு உலை.

நான் நாற்காலியில் நெளிந்தேன். மேஸ்திரி சிரித்துக்கொண்டே, "வேற எங்க சார், டீக்கடைக்கு ஒரு எட்டுப் போயிருப்பாங்க" என்று லந்து பண்ணினார்.

"ஆமா சார், டீக்குத்தான்" என்றாள் அக்கா, சட்டென்று.

வெளியே வந்ததும் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். "யக்கா, உனக்குக் கூறு இருக்கா? ஏன் அப்புடிச் சொன்ன?"

"பின்ன என்னடி செய்யச் சொல்ற? அம்புட்டு ஆம்பளைக முன்னால ஒண்ணுக்குப் போறோம்னு சொல்லவா? டீ குடிக்கப் போனோம்னா வைவாங்க. வஞ்சுட்டுப் போறாங்க."

ஆனால் வையவில்லை. அங்கேதான் கெட்டது குடி. அடுத்த புதன்கிழமை ஆய்வாளர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். காலங்காத்தால வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு டீ வேண்டாமா, நியாயம்தானே, இனிமேல் டீயே உங்களைத் தேடி வரும் என்றார். வழியையும் நேராக்கி விட்டார்கள். மண்டபம் இருக்கும் பக்கம் கடைசியாகப் போய்ச் சேர்கிற மாதிரி. அந்நேரத்துக்கு மேனேஜர் வந்து சட்டமாக உட்கார்ந்திருப்பார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஆத்தாடி, அந்த டீ! மேஸ்திரி தன் மொபெட்டில் பிளாஸ்க்கை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார். இஞ்சி தட்டிப் போட்ட, நல்ல கொதிக்கிற டீ. ஊற்றிக் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்பார். "குடிங்க, குடிங்க, இன்னொரு டம்ளர் இருக்கு." கீழே ஊற்றவும் முடியாது, வேண்டாம் என்றால் மூஞ்சி சுருங்கிப்போகும். 'எனக்குச் சுகர்' என்று அக்கா தப்பிக்கப் பார்த்தாள். மறுநாளே அவளுக்கென்று சீனி போடாமல் தனியாக ஒரு குட்டி பிளாஸ்க் வந்துவிட்டது. அவ்வளவு நல்ல மனுஷன், என்ன செய்ய!

வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினோம். அப்படியும் முடியவில்லை. நான் சின்னவள், ஓட்டமும் நடையுமாகக் கூட்டித் தள்ளி, பல்லைக் கடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்துவிடுவேன். நின்றால் தாங்காது என்று நிற்காமல் நடந்துகொண்டே இருப்பேன். 'இந்தப் பொண்ணு என்னா சுறுசுறுப்பு' என்று ஒரு வீட்டுக்காரம்மா பாராட்டியது வேறு நடந்தது. அக்காவால் ஓட முடியவில்லை. அடிவயிறு வலிக்கிறது, எரிகிறது என்பாள். 'மீட்டிங்ல நான் சொல்லவா' என்று கேட்டால், 'சொன்னேன்னா உன்கூடப் பேச மாட்டேன்' என்பாள்.

ஒருநாள் நல்லா விடிந்த பிறகு, நடுத்தெருவில் அக்கா அப்படியே நின்றுவிட்டாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. கையில் விளக்குமாறு. கிட்டே போய்ப் பார்த்தால் காலைச் சுற்றி ஈரம், கஞ்சி போட்ட சேலை காலோடு ஒட்டிக் கிடந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பக்கத்து வீட்டு வாசலில் கோலத்துக்குத் தெளிக்க வைத்திருந்த வாளியைத் தூக்கி, கை தவறிவிட்ட மாதிரி அவள் மேல் முழுசாகக் கொட்டினேன். "ஐயோ யக்கா, தெரியாமக் கொட்டிட்டேன்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் அக்கா வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"வாரலடி. இனிமே வாரல."

"வேலைய விட்டா மகப் படிப்பு?"

"அந்தத் தெருவுல எந்த மூஞ்சியோட நடப்பேன்? நீ போ."

இந்த வாரம் பார்ப்பேன், வரவில்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அவர் மேலும் தப்பில்லை, ஆள் குறைந்தால் அவரைத்தான் கேட்பார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோறு வைத்தால் குழைந்தது, எடுத்த பொருளை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. காளவாசலில் பஸ் ஏறப் போனவள் ஏறாமல் பாதித் தூரம் நடந்தே வந்தேன். சொல்லவும் கூடாது, சொல்லாமலும் தீராது. யார் மேலே கோபப்படுவது என்றுகூடத் தெரியாத கோபம் மாதிரி ஒரு கொடுமை கிடையாது.

புதன்கிழமை வந்தது. எங்கள் கோடு சுவரில் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. புகார் குறைந்துவிட்டது, மற்ற வார்டுகளிலும் இந்த டீ ஏற்பாட்டைச் செய்யலாமா என்று பேச்சு ஓடியது. மேடம் டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தக்கா மட்டும் ஏன் வேலைக்கு வாரதில்லைன்னு தெரியல சார்" என்றார் மேஸ்திரி. "நின்ன எடத்துக்கு டீ வருது. இதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன செய்ய முடியும்?"

நான் எழுந்துவிட்டேன். எழுந்தது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது.

"மேஸ்திரிண்ணே, நாங்க ஒருநாளும் டீ குடிக்கப் போகல. ஒண்ணுக்குப் போனோம்."

யாரும் குறுக்கே பேசுவதற்குள் மீதியையும் சொன்னேன்.

"நீங்க வழிய மாத்துனதும் போக எடம் இல்லாமப் போச்சு. அதுக்கு மேல டீயவும் ஊத்துறீங்க. போன வாரம் நடுத்தெருவுல, அடக்க முடியாம, கட்டுன சேலையிலயே போயிட்டேன். நான்தான். போதுமா?"

அக்கா பேரைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவள் அந்தச் சுவரை விட்டுத் திரும்பவே மாட்டாள் என்று தோன்றியது. என் காதெல்லாம் சுட்டது. அவமானமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

"இதுக்கு முன்னாடி எங்கம்மா போனீங்க?" என்று ஆய்வாளர் மெதுவாகக் கேட்டார்.

"அதச் சொல்ல மாட்டேன் சார்."

"இம்புட்டு நாளா ஏன் சொல்லல?"

எனக்குச் சுரீரென்று வந்தது. "இத எப்படி சார் சொல்றது? உங்க வீட்டுப் பொம்பளைக சொல்லுவாங்களா?"

அப்போது டைப் சத்தம் நின்றது. கம்ப்யூட்டர் மேடம் நிமிராமலே பேசினார். "சார், இங்கயும் லேடீஸ் பாத்ரூம்ல பிளீச்சிங் பவுடர் மூட்டையத்தான் அடுக்கி வச்சிருக்காங்க. நான் வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து மத்தியானம் வரைக்கும் தண்ணி குடிக்கிறதில்ல."

இத்தனை புதன்கிழமையும் நாங்கள் கூடிக் கூடிப் பேசிய ஹாலுக்கு அடுத்த கதவு அது. மேஸ்திரி தரையைப் பார்த்தார். ஆய்வாளர் சுவரில் இருந்த படத்தை அணைத்துவிட்டு, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். அன்று சாயங்காலத்துக்குள் மூட்டைகள் வராந்தாவுக்கு வந்துவிட்டன. அவரே நாலைந்து தூக்கினார். எங்கள் வழியைப் பழையபடி நாங்களே போட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார்.

மூட்டையைவிட வேகமாக என் கதைதான் வெளியே வந்தது. அன்று ராத்திரிக்குள் வார்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆட்டோ ஓட்டுகிற என் வீட்டுக்காரர் ஸ்டாண்டில் கேள்விப்பட்டு வந்து, "என்னடி, என்னமோ சொல்றாங்க?" என்றார். "ஆமா, அதுக்கு என்ன இப்ப?" என்றேன். வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, விடிந்தால் எல்லார் முன்னாலும் போய் நிற்க வேண்டுமே என்று ராத்திரி முழுக்க வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன்.

காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்தில் எல்லாரும் கூடியிருந்தோம். நான் போனதும் பேச்சு நின்றது. பின்னாலிருந்து ஒருவன், "பாத்து நில்லுங்கப்பா, தரை ஈரமாகப் போகுது" என்றான். ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பொம்பளைகள்கூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். நான் கேட்காத மாதிரி தள்ளுவண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அழக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

"எவன்டா அது சிரிச்சது?"

அக்காவின் குரல். தலையில் பூ, கஞ்சி போட்ட சேலை. என்னிடம் வராமல் நேரே கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றாள்.

"அவ இல்ல. நான்தான். எனக்குச் சுகர், அடக்க முடியல, சேலையிலயே போயிட்டேன். அவ வாளித் தண்ணிய ஊத்தி என்னைய மறைச்சா. இப்பச் சிரிங்க, பாப்போம்."

முந்தானைகள் வாயிலிருந்து இறங்கின. அக்கா என் பக்கம் திரும்பினாள். "எம் மானத்துக்கு நீ எதுக்குடி பேச்சு வாங்குற, கூறு கெட்டவளே" என்றாள். வைதுகொண்டே அழுதாள். எனக்கும் கண் முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

இப்போதெல்லாம் வருகைப் பதிவுக்கு மேஸ்திரியின் போனில் முகத்தைக் காட்ட வேண்டும். அவர் போனை அக்காவின் முன்னால் நீட்டினார், இழுத்தார், மறுபடி நீட்டினார். "யக்கா, கண்ணத் தொடச்சுக்கிட்டு நில்லுக்கா, மூஞ்சிய எடுக்க மாட்டேங்குது" என்றார்.

அக்கா துடைக்கவில்லை. "இதான்டா என் மூஞ்சி, எடு" என்றாள்.