மியூனிக்கில் போட்ட துண்டு

கல்லூரிக் காலத்துக் கனவு அது. பாகூரிலிருந்து நானும் நண்பன் சரவணனும் மியூனிக் பீர் திருவிழாவுக்கே போய்விட்டோம். உட்கார இடம் பிடித்தவர்களுக்கு மட்டும்தான் பீர் தருவார்கள் என்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது. மறுநாள் எங்களுக்கு ஃபிளைட். கூடாரம் கூடாரமாக அலைந்தும் ஒரு பெஞ்சுகூடக் காலியில்லை.

கடைசியில் ஒரு மூலையில் இடம் தெரிந்தது. சரவணன் தோளில் கிடந்த துண்டை எட்டி வீசினான். "சீட்டு போட்டாச்சு, வாடா!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவதற்குள் அங்கே நான்கு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். பரிமாறும் பெண் துண்டை எடுத்து, மேசையில் சிந்திய பீரைத் துடைத்துவிட்டு, சிரித்தபடி எங்களிடம் நீட்டினாள்.

"இன்னாடா இது, துண்டுக்கு மட்டும் பீர் கெடைச்சிருக்கு!" என்றான் சரவணன்.

வெறுங்கையோடு வெளியே வந்தோம். ஊரில் பஸ் ஜன்னல் வழியே நான் போட்ட துண்டைப் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் நின்றுகொண்டே வந்தவர்களை அதுவரை ஒருநாளும் நான் நினைத்ததில்லை.