எழுத்துகள் அசையாமல் நின்ற நாள்

முருகன் அடியார்கள் எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் ரேவதி. பிறந்தது பெங்களூர் அல்சூர், கல்யாணமாகி இருப்பது சந்தாபுராவில். போன ஆடிக் கிருத்திகையில் எனக்கு நடந்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அத்திபெலேயில் ஒரு கிடங்கில் ஏழு வருஷம் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தேன். எந்த லாரி எப்போது வரும், எந்தச் சரக்கு எந்த ரேக்கில் இருக்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் மேனேஜராக வந்தவர்கள் எல்லோரும் எம்.பி.ஏ. படித்தவர்கள். மூன்று பேருக்கு நானே வேலை சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது ஆள் வந்த அன்றைக்கே, நானும் படித்தே தீருவது என்று முடிவெடுத்தேன். நல்ல கல்லூரி வேண்டுமென்றால் எம்.பி.ஏ.வுக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

இரண்டு தடவை எழுதினேன். இரண்டு தடவையும் தோற்றேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தத் தேர்வில் மூன்று பகுதி. முதலில் நீளமான ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்துப் பதில் சொல்ல வேண்டும். அடுத்து அட்டவணை, புதிர். கடைசியில் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிஷம்தான். தப்பான விடைக்கு மார்க் குறையும். கணக்கில் எவ்வளவு வாங்கினாலும், ஒரு பகுதியில் சறுக்கினால் பெரிய கல்லூரிகள் கூப்பிடாது.

நான் சறுக்கியது முதல் பகுதியில். திரையில் பத்து நிமிஷம் படித்தால் தலை விண்விண் என்று தெறிக்கும். படித்த வரியையே மறுபடி படித்துக்கொண்டிருப்பேன். நேரம் போய்விடும். பதறிப்போய் மீதி எல்லாவற்றுக்கும் குத்துமதிப்பாக விடை அழுத்துவேன். இருந்த மார்க்கும் போகும். கண்ணாடிக் கடையில் போர்டைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரைக்கும் படித்தேன். கண்ணில் ஒன்றுமில்லை என்றார்கள். அப்படியென்றால் குறை என் மூளையில்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது ரிசல்ட் வந்த அன்று என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இன்னும் ஒரே ஒரு தடவை எழுது, ரேவதி. அதுக்கப்புறம் வேணாம். நீ அழறதைப் பார்க்க முடியல" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அன்பாகச் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு அல்சூரில் அம்மா வீட்டுப் பக்கத்துக் கோயிலுக்குப் போயிருந்தேன். நல்ல கூட்டம். அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் வாசிக்க ஆள் இல்லை என்று என் கையில் பட்டியலையும் மைக்கையும் கொடுத்துவிட்டார்கள். முதல் பக்கம் சரியாகப் போனது. இரண்டாவது பக்கத்தில் வரிகள் ஒன்றோடொன்று கலந்தன. ஒரு வீட்டுப் பெயருக்கு இன்னொரு வீட்டு நட்சத்திரத்தை வாசித்துவிட்டேன். "ஏம்மா, எங்க பேரையே விட்டுட்டியே!" என்று ஒருவர் சத்தம் போட்டார். மைக்கைக் கொடுத்துவிட்டுத் தூணோரமாகப் போய் நின்றேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

"முருகா, எனக்குப் புத்தி பத்தாதுன்னா இப்பவே சொல்லிடு. விட்டுடறேன். வேற ஏதாவதுன்னா அதைக் காட்டு."

அவ்வளவுதான் வேண்டினேன். கண்ணைத் திறந்தால் என் வயதுப் பெண் ஒருத்தி எதிரில் நிற்கிறாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. என் பேரு கவிதா, கண் ஆஸ்பத்திரியில டெஸ்ட் பண்ற வேலை. நீங்க வாசிக்கும்போது ஒரு கண்ணை மூடி மூடிப் பார்த்தீங்க. படிச்சா எழுத்து ஆடுதா?"

"ஆமா. எல்லாருக்கும் அப்படித்தானே?"

"இல்லைங்க" என்றாள் கவிதா.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முப்பத்தோரு வயது வரை, எழுத்து எல்லோருக்கும் அப்படித்தான் ஆடும் என்று நம்பியிருக்கிறேன்!

அடுத்த வாரமே டாக்டரிடம் போனேன். கிட்டத்தில் படிக்கும்போது என் இரண்டு கண்ணும் ஒரே இடத்தில் சேரவில்லை, தூரத்துப் பார்வை நன்றாக இருப்பதால் போர்டில் பிடிபடவில்லை என்றார். பயிற்சி செய்தால் சரியாகும், ஆனால் ஒரு நாளும் விடக் கூடாது. பென்சில் நுனியைப் பார்த்துக்கொண்டே மெதுவாக மூக்குக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். முதல் வாரம் குமட்டியது. விடவில்லை. கம்பெனி வேனில், டீ நேரத்தில், எங்கேயும் கையில் பென்சில். "பென்சில் ஜொதே மாத்தாட்தீரா மேடம்?" என்று ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மஞ்சுநாத் கிண்டலடிப்பார். ஆமாம், பென்சிலோடுதான் பேசுகிறேன் என்று நானும் சிரிப்பேன்.

கூடவே பழைய மாதிரித் தேர்வுகளை எடுத்து, எங்கே மார்க் போனது என்று தேடினேன். பெரும்பாலும் குத்துமதிப்பாக அழுத்தியதில்தான். நான்கு கட்டுரையில் மூன்றை ஒழுங்காகப் படிப்பது, நான்காவதைத் தொடுவதே இல்லை என்று வைத்துக்கொண்டேன். புதிரிலும் முதலில் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்து, வருவதை மட்டும் எடுத்தேன். விடுவதற்கும் ஒரு தைரியம் வேண்டும். அதற்கும் முருகனைத்தான் கேட்டேன்.

நவம்பர் கடைசி ஞாயிறு தேர்வு. முதல் கட்டுரை திரையில் வந்ததும் பழைய பயம் வந்தது. "வேலவா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன். முதல் பத்தி முடிந்தது. இரண்டாவது முடிந்தது. எழுத்துகள் அப்படியே நின்றன. வரி வரியாக நின்றன! நான்காவது கட்டுரையைத் தொடவில்லை. கை துறுதுறுத்தது, தொடவில்லை.

ரிசல்ட்டில் மூன்று பகுதியிலுமே தேறியிருந்தேன். நேர்முகத்தில், "இரண்டு தடவை ஏன் தோற்றீர்கள்?" என்று கேட்டார்கள். உள்ளதை உள்ளபடி சொன்னேன். பெங்களூரிலேயே இடம் கிடைத்தது. என் வீட்டுக்காரர் அந்த மெயிலை மூன்று தடவை சத்தமாகப் படித்துவிட்டு, கண்ணைத் துடைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது நான் மாணவி. போன வாரம் ஒரே நாளில் அறுபது பக்கம் படித்தேன். தலை வலிக்கவில்லை.

முருகன் எனக்காகத் தேர்வு எழுதவில்லை. என் தடை எது என்று காட்டினான், அவ்வளவுதான். மீதியை என்னைச் செய்ய வைத்தான். உங்களில் யாராவது "எனக்கு வராது" என்று முடிவு கட்டி உட்கார்ந்திருந்தால், அவனிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். எங்கே தடுக்கிறது என்று கேளுங்கள். பதில் யார் வாயிலிருந்து வந்தாலும் காது கொடுங்கள். வந்த அன்றைக்கே எழுந்து வேலையைத் தொடங்குங்கள்.