ஆறுமணிக் குருவி போன மறுநாள்

மாரியாயியின் பேச்சை எடுத்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கீழ்க்கணக்கு லயத்தில் இன்றைக்கும் நாலு பேர் சிரிப்பார்கள். "குருவியை நம்பிக் குடி கெட்டவ" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்த நாளில் அதே குருவியை நம்பித்தான் பாயைச் சுருட்டினார்கள். அவர்களுக்கு அன்றைக்குப் பதுளையில் வேலை இருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

லயத்தின் வீட்டு வரிசையில் நான் அவளுக்கு அடுத்த காம்பராக்காரி, நடுவில் ஒரு சுவர்தான். அவள் வீட்டில் பிள்ளை தும்மினால் இந்தப் பக்கமிருந்து நான் 'நூறு' என்பேன். ஆகையால் நான் சொல்வதில் கேள்விப்பட்டது கொஞ்சம், பார்த்தது அதிகம்.

எங்கள் தோட்டம் பசறைக்கு மேலே, பஸ் றோட்டை விட்டு இரண்டு மைல் உள்ளே. புரட்டாசி பிறந்தால் தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் வாலாட்டிக் குருவி வந்து நிற்கும். பிறகு வால் பிளந்த சின்னக் குருவிகள் பசறைக் கடைத்தெருக் கம்பிகளில் வரிசை கட்டும். கீழே போகிறவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு திட்டுவார்கள். ஐப்பசி அடைமழையோடு கடைசியாக வருவது ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, அடிவயிற்றில் குங்குமம், வால் இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்கவேண்டும். வந்த புதிதில் பறக்கத் தெம்பில்லாமல் கோழிக்கூட்டுக்குள் ஒதுங்கும், துரை பங்களாக் கண்ணாடியில் மோதி விழும். "அக்கரையிலருந்து கடலைத் தாண்டி வந்திருக்குடா, கல்லைக் கீழ போடுங்க" என்று மாரியாயி பிள்ளைகளை விரட்டுவாள். இரண்டு நாள் ஓய்ந்தபின் ஓடைக்கரைக் கொய்யாப் புதருக்குள்ளிருந்து காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் விசில் அடிக்கும். சொல்லிவைத்த மாதிரி ஆறு மணி.

அந்தக் குருவியை நாங்கள் கொண்டாடியதற்குக் காரணம் அழகு இல்லை, கணக்கப்பிள்ளையின் கடிகாரம். அது காலையில் ஓடும், சாயங்காலத்தில் நொண்டும். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு இருட்டோடு இருட்டாகத் தப்பு அடிக்கச் சொல்லிவிடுவார். போய் நின்றால் விடிவதற்குக் கால் மணி நேரம் பனியில் நடுங்கவேண்டும். ஒரு வருஷம் பெண்கள் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டார்கள்: தப்பு அடித்தால் அடிக்கட்டும், குருவி கத்தாமல் வாசலை விட்டு இறங்குவதில்லை. முதலில் இறங்காமல் நின்றவள் மாரியாயி. கணக்கப்பிள்ளை குதித்துப் பார்த்தார். குருவியின் மேல் யாரிடம் புகார் கொடுப்பது? அதிலிருந்து ஐப்பசி முதல் பங்குனி வரை எங்கள் லயத்துக்குக் குருவிதான் கடிகாரம்.

ஆனால் அது வருவது எல்லாருக்கும் தெரியும், போவது ஒருவருக்கும் தெரியாது. பங்குனிக் கடைசியிலோ சித்திரையிலோ ஒரு ராத்திரி கிளம்பிவிடும். ஒரு வருஷம் முந்தும், ஒரு வருஷம் பிந்தும். நாலு நாள் கழித்து "என்னடி, குருவிச் சத்தத்தையே காணோம்" என்று யாராவது சொன்னால்தான் உண்டு.

மாரியாயிக்குப் புருஷன் இல்லை. ஒரே மகள் சரஸ்வதி. மருமகன் தன் தகப்பன் மூலமாக ஏற்கெனவே இலங்கைப் பிரஜை. மகளுக்கும் அவன் வழியாக எழுதியாகிவிட்டது. சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்துச் சனத்தின் பிரஜாவுரிமையைப் பறித்திருந்தார்கள். அந்த வீட்டில் மாரியாயி மட்டும்தான் இன்னும் எந்த நாட்டுக்காரியும் இல்லை. இங்கேயே பிறந்து, பன்னிரண்டு வயதில் கொழுந்துக் கூடையை மாட்டியவள். பசறையில் பலசரக்குக் கடை வைத்திருந்த மஹ்ரூப் முதலாளிதான் அவளுக்கு இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டார். கிடைத்தால் மகளோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் இன்றைக்கோ நாளைக்கோ இந்தியாவுக்குக் கப்பல். அவளுக்கு அந்த ஒரு கவலைதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு சித்திரையில் விசாரணைக்குப் பதுளைக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. வருஷப்பிறப்பு முடிந்து மூன்றாம் நாள், காலையிலேயே ஆஜராகவேண்டும்.

"முந்தின நாளே பசறைக்கு வந்து எங்க வீட்டில தங்குங்க, வீட்டுக்காரி ஸுபைரா தனியாத்தான் இருக்கா. காலையில நானே கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார் மஹ்ரூப்.

"மக நெறமாசமா இருக்கா மொதலாளி. எந்த நேரத்தில வலி எடுக்குமோ? ராத்திரி விட்டுட்டு வரமுடியாது. குருவி கத்துனதும் எறங்குனா மொத பஸ் கெடச்சிரும். நீங்க பசறையில நில்லுங்க."

அவர் தலையாட்டினார். யாராக இருந்தாலும் தலையாட்டித்தான் இருப்பார்கள்.

தோட்டம் வருஷப்பிறப்புக்கு மூடியிருந்தது. தப்புச் சத்தம் இல்லை. லயத்துச் சேவல்கள் எல்லாம் முந்தின நாள் கறிச்சட்டியில் போய்விட்டன. ஆனால் முந்தின நாள் சாயங்காலம் குருவி கத்தியது. நானும் கேட்டேன், அவளும் கேட்டாள். "இருக்கு பாத்தியா" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னிடம் சொன்னாள்.

அவள் தூங்கிப்போய்விட்டாள் என்று கதை கட்டியிருக்கிறார்கள். பொய். அவள் தூங்கவே இல்லை. விடிவதற்கு வெகு முன்னே குளித்து, வெள்ளைச் சேலையைக் கட்டி, கடதாசிகளை மஞ்சள் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் பெய்த மழையில் பனி இறங்கி எதிர் லயம்கூடத் தெரியவில்லை. எது விடியல், எது நிலா என்று சொல்ல முடியாத வெளிச்சம். குருவி கத்தவில்லை. கத்தாவிட்டால் ஆறு ஆகவில்லை. இத்தனை வருஷம் கணக்கப்பிள்ளையையே மறித்து நிறுத்திய கணக்கு அது. உட்கார்ந்தே இருந்தாள்.

பனி கலைந்து வெயில் படியில் விழுந்தபோது நான் வெளியே வந்தேன். "அக்கா, நீ போகலியா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "இன்னும் கத்தலியேடி" என்றாள்.

அந்த இரண்டு மைலையும் ஓடினாள். பஸ் போய்விட்டிருந்தது. நடந்து, வழியில் வந்த விறகு லொறியில் கெஞ்சி ஏறி, பசறையில் அவளுக்காக இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நின்ற மஹ்ரூப்போடு பதுளைக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் சாப்பாட்டு நேரம். அவளுடைய பெயரை மூன்று தரம் கூப்பிட்டுவிட்டு, ஆள் இல்லை என்று எழுதியிருந்தார்கள். மஹ்ரூப் யார் யார் காலையோ பிடித்து அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அங்கே நடந்ததை அவர்தான் எனக்குச் சொன்னார்.

ஏன் பிந்தினாய் என்று சிங்களத்தில் கேட்டார் விசாரணை ஐயா. மொழிபெயர்க்க ஒரு தமிழர் நின்றார். பஸ் உடைந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் போதும். மாரியாயிக்குப் பொய் வராது.

"குருவி கத்தலீங்க" என்றாள்.

"எந்தக் குருவி?"

"அக்கரையிலருந்து வர்ற குருவிங்க. நேத்து இருந்துச்சு. ராத்திரி கௌம்பிருச்சு போலிருக்கு."

மொழிபெயர்த்தவர் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். அறையே சிரித்ததாம். ஐயா ஏதோ சொன்னார், மறுபடியும் சிரிப்பு. மொழிபெயர்த்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளிடம் திரும்பினார்.

"குருவி அது ஊருக்குப் போயிருச்சாம். நீயும் ஒன் ஊருக்குப் போகலாமேன்னு கேக்கிறாரு."

"எனக்கு ஊரு பசறைங்க" என்றாள் மாரியாயி. அதை அவர் மொழிபெயர்க்கவில்லை.

விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. மஹ்ரூப் மேல்முறையீடு எழுதினார். அதற்குப் பதிலே வரவில்லை. சரஸ்வதிக்குப் பெண் பிறந்தது. பிறகு எழுபத்துநாலு வந்தது. லயத்தில் மரவள்ளிக்கிழங்குக்கும் வழியில்லாமல் சனங்கள் காட்டுக்கீரை பிடுங்கித் தின்ற காலம். எந்த நாட்டிலும் பதிவில்லாதவர்கள் இருக்கிற குடும்பத்துக்கு அரிசிக் கூப்பனை வெட்டப்போகிறார்கள் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. யார் கிளப்பினார்களோ, அவர்கள் நாசமாய்ப் போக. நாங்கள் எவ்வளவு சொல்லியும் மாரியாயி கேட்கவில்லை. "எம்பொருட்டு ஒம் பிள்ளை வயித்தில அடிக்கக் கூடாது" என்று மகளிடம் சொல்லிவிட்டு, இந்தியாவுக்கான கடதாசியில் கைநாட்டு வைத்தாள். கூப்பனை யாரும் வெட்டவில்லை.

எழுபத்தாறில் அவள் போனாள். இந்தியாக் கப்பலுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ரயிலுக்கு எங்கள் சனம் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்திருந்தது. பதுளை ஸ்டேஷனில் அன்று அழாதவள் அவள் ஒருத்திதான். பேத்தி சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு ஏறினாள். கோத்தகிரிப் பக்கம் கூலி வேலை கிடைத்தது என்று கேள்வி. எண்பத்துமூன்றில் செத்துப்போனாள். செய்தி இங்கே வந்து சேர்ந்தபோது கருமாதியே முடிந்திருந்தது.

எண்பத்தெட்டில் சட்டத்தை மாற்றினார்கள். இந்தியாவுக்கு எழுதாமல் மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கு ஒரு சத்தியக் கடதாசி போதும், அவர்களும் பிரஜைகளாம். எங்கள் லயத்துக் கடைசிக் காம்பரா வீரபத்திரன் எந்தக் காலத்திலும் எதற்கும் எழுதாதவர். விசாரணை என்று லயமே அலைந்த நாளில் கசிப்பைக் குடித்துவிட்டுக் கிடந்தவர். அவருக்குக் கிடைத்தது. குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டு, கடதாசியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் காட்டினார். சரஸ்வதியின் வாசலுக்கும் வந்தார். நான் அப்போது அங்கே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

சரஸ்வதி அதை முழுவதும் வாசித்தாள். திருப்பி ஒரு தரம் வாசித்தாள்.

"மாமா, எங்கம்மா பதுளைக்கும் போகாம, எதுலயும் கைநாட்டு வைக்காம, ஒங்களப்போல சும்மா இருந்திருந்தா?"

வீரபத்திரன் கெட்ட மனுஷன் இல்லை. கேட்டதற்கு யோசித்து, உண்மையைச் சொன்னார்.

"இங்கனயே செத்திருப்பா, பாப்பா. ஒன் மடியில."

சரஸ்வதி கடதாசியை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"நனையாம வச்சுக்குங்க மாமா" என்றாள்.