பவளமக்காவின் கொரோலா

ஒரு சின்னக் காரின் ஹோர்ன் இன்னும் காதில் இருக்கிறது: கூச்சத்தோடு கதவைத் தட்டுவதுபோல இரண்டு சிறு சத்தம். எழுபதுகளில் லிட்கம் என்ற ஊரில் ஒரு கராஜின் கந்தோரில் எழுத்து வேலை பார்த்தேன். ஆண்டுக்கொருமுறை கார்களைச் சோதித்து, நல்லதென்றால் பிங்க் ஸ்லிப் எழுதிக் கொடுக்கும் இடம். அது கிடைக்காவிட்டால் கார் ரோட்டில் ஏற முடியாது. அப்படிச் சோதிப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

சந்தனம்

எங்களிடம் கார் சோதிக்க வரும் பவளமக்காவின் கணவருக்குச் சிறுநீரகம் பழுது. கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ரயிலில் நிற்க அவரால் முடியாது. அதற்காகவே அக்கா கார் ஓடப் பழகி, பழைய கொரோலா ஒன்றை வாங்கியிருந்தார்.

சோதிப்பவர் டினோ, இத்தாலியர். எல்லாம் சரி, முன் லைற் இரண்டும்தான் மங்கல் என்றார். அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. போய்ப் பார்த்தால், கார் வாங்கிய அன்று பூசைக்கு லைற் கண்ணாடியில் அப்பிய சந்தனம் காய்ந்து தகடாகக் கிடந்தது. அக்கா சேலைத் தலைப்பால் துடைத்தார். வெளிச்சம் சுவர் முழுக்கப் பரவியது. டினோ கையெழுத்துப் போட்டபடி சொன்னார்: "காருக்கு நோய் வருத்தம் ஒண்டுமில்லை, மிஸஸ். நீங்கள் பூசின மருந்துதான் கூடிப்போச்சு."

பெரிய கார்

அடுத்த ஆண்டு ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து எங்கள் தமிழாள், எஞ்சினியர் ஒருவரும் தன் பெரிய புதுக் காரோடு வந்திருந்தார். கொரோலாவைச் சுற்றி வந்து, "இந்தத் தகரத்திலையோ அக்கா, அங்கிளை ஏத்திறியள்?" என்று சிரித்தார். தகரத்துக்கு ஸ்லிப் கிடைத்தது. பெரிய காரின் கைப்பிறேக் பிடிக்கவில்லை. அதைக் கராஜிலேயே விட வேண்டியதாயிற்று. அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, உங்களை எங்கை இறக்கிவிட?"

பெல்ட்

ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வந்தார்கள். கணவரை இறக்கி ஏற்றுவது பெரும்பாடு. ஆகவே அவர் இருந்தபடியே டினோ அவருடைய பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். கணவர் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "பிள்ளை, பெல்ட் நல்லாப் பிடிக்குதெண்டு எழுதும். ஆள் எப்பிடியெண்டு கேக்காதையும்."

ஹோர்ன்

அடுத்த ஆண்டு அக்கா தனியே வந்தார். பக்கத்துச் சீற்றில் ஆளில்லை. பெல்ட் மட்டும் மாட்டியிருந்தது. டினோ அதைக் கழற்றிச் சோதித்தார். பிறகு மறுபடி மாட்டிவிட்டு, ஸ்லிப்பில் கையெழுத்துப் போடப் போனார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "டினோ, ஹோர்ன் பார்க்க மறந்திட்டீங்கள்." அழுத்தியும் காட்டினார்.

நான் இருந்த காலத்தில் ஒருமுறையேனும் திருப்பி அனுப்பப்படாத கார் அது ஒன்றுதான்; அதில் வந்துபோனவர்களுக்கு நல்லதென்று எழுதிக் கொடுக்க எங்களிடம் ஸ்லிப் இருக்கவில்லை.

பவளமக்கா அந்தக் காரை விற்கவில்லை. கண் மங்கும்வரை அதே ஆஸ்பத்திரிக்கு வேறு நோயாளிகளை ஏற்றிப் போனார்.