குருவி இறங்காத மூங்கில்

மூங்கில் பூத்தால் ஊருக்கு ஆகாது என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் சொல்வார்கள். ஆகாத காலம் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. வெள்ளைக்காரர்களின் சண்டையால் கப்பலில் அரிசி வருவது குறைந்து, தோட்டத்தில் ஆளுக்கு அளந்து கொடுத்தார்கள். என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். தாய்க்கு அரை வயிறு என்றால் பால் எங்கிருந்து சுரக்கும்? அதனால், தோட்டத்துக்குக் கீழே ஓடைக்கரை மூங்கில் காய்த்து உதிரத் தொடங்கியதும், ஞாயிற்றுக்கிழமை விடியலிலேயே பிள்ளையோடும் நாத்தனாரோடும் மூங்கிலரிசி கூட்டப் போனேன்.

குருவிகள் எங்களுக்கு முன்பே வந்திருந்தன. பந்திக்கு முந்த வேண்டும் என்று அவற்றுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ! சில்லைக் குருவிகள் கொத்துக் கொத்தாகக் கிளைகளில் தொங்கின. காட்டுக்கோழிகள் தரையைக் கிளறின. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவை தின்பது என் பிள்ளையின் பாலை அல்லவா? மண்ணாங்கட்டிகளை வீசினேன். இந்தப் புதரில் எழுந்து அந்தப் புதரில் உட்கார்ந்தன.

ஒரு புதரில் மட்டும் ஒரு குருவிகூட இல்லை. அடியில் விதை மெத்தையாகக் கிடந்தது.

"மதினி, இதுல மட்டும் ஏன் ஒண்ணும் எறங்கல?" என்றாள் நாத்தனார்.

"நமக்குன்னு விட்டு வச்சிருக்குதுங்க. வாயாடாம கூட்டு புள்ள."

கொழுந்து பறிக்கும் மலையில் மரக்கிளையில் தூளி கட்டிப் பழகிய கை எனக்கு. அந்தப் புதரிலேயே சாய்ந்திருந்த ஒரு மூங்கிலில் பழஞ்சேலையைக் கட்டி மகளைப் போட்டேன். அவள் தூங்கினாள். நாங்கள் கூட்டிக் குவித்தோம்.

முறம் பாதி நிறைந்தபோது, பக்கத்துப் புதரில் ஒரு சில்லை கொத்திக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. மண்ணாங்கட்டியை எறிந்தேன். பயந்து பறந்து வந்து தூளிக்கு மேலே உட்கார்ந்தது. மறுபடி கையை ஓங்குவதற்குள் இலைகளுக்கிடையே ஏதோ பாய்ந்தது. குருவி ஒரு பச்சை வாய்க்குள் இருந்தது.

பச்சை விரியன். நான் போட்ட முடிச்சிலிருந்து ஒரு சாண் தூரம்.

"கத்தாத புள்ள. மூங்கில ஆட்டிடாத," என்றேன்.

மூங்கில் குலுங்கினால் பாம்பு நேராகப் பிள்ளைமேல் விழும். மண்டியிட்டு நகர்ந்தேன். உதிர்ந்த சருகு ஒவ்வொன்றும் முழங்காலுக்குக் கீழே நொறுங்கியது. பாம்பு குருவியை விடவில்லை. குருவியின் சிறகு ஒன்று இன்னும் துடித்தது. தூளியை ஒரு கையால் அடியில் தாங்கி, மறு கையால் பிள்ளையை மெல்ல வெளியே இழுத்தேன். சிணுங்க வாயைத் திறந்தாள். அவள் வாயில் முலையைத் திணித்தேன். பால் இல்லை. ஆனாலும் சப்பினாள். அப்படியே பின்னோக்கி நகர்ந்தேன்.

ஓடையைத் தாண்டிய பிறகுதான் அழுதேன். நாத்தனார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சேலையும் விதைக் குவியலும் அங்கேயே கிடந்தன. நாங்கள் எடுக்கப் போகவில்லை. அன்றைக்கு வெறும் கஞ்சித் தண்ணீர்தான். குருவிகள் காலையிலிருந்தே அந்தப் புதரை ஒதுக்கியிருந்தன. நான்தான் அதை அதிர்ஷ்டம் என்று நினைத்துப் பிள்ளையைக் கொண்டுபோய்க் கட்டினேன். அங்கே வந்த ஒரே குருவியும் தானாக வரவில்லை. நான் விரட்டிய குருவி அது.