மேட்டுக்கு அப்பால் சிவந்த வானம்

ஓடீல் பெர்ரூஸ் யாரை நம்பினாளோ இல்லையோ, ஃபிர்மேனின் நெருப்பை நம்பினாள். அவனோடு பேச்சுவார்த்தை கிடையாது. ஊர்க் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "உன் ஒயின்ல நனைஞ்ச நாய் வாசம் அடிக்குது" என்று சொன்னவனோடு எவள் பேசுவாள்?

ஆனால் பிரான்சின் பர்கண்டியில் ஏப்ரல், ரோஷம் பார்க்கிற மாதமல்ல. திராட்சைக் கொடி துளிர்த்திருக்கும். ஒரு ராத்திரி உறைபனி விழுந்தால் அந்த வருஷ விளைச்சல் போயிற்று. அதற்காகக் கொடிகளுக்கு நடுவே மெழுகு நிரப்பிய தகர வாளிகளை வைத்துக் கொளுத்துவார்கள். எப்போது கொளுத்துவது என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். ஓடீல் வெப்பமானியை மதித்ததில்லை. வடக்கே மேட்டுக்கு அப்பால், பள்ளத்தில் இருந்தது ஃபிர்மேனின் தோட்டம். மேட்டின் மேல் வானம் சிவந்தால் அவன் கொளுத்திவிட்டான் என்று அர்த்தம், இவளும் கொளுத்துவாள். புருஷன் போன பிறகு தனியாளாகக் கொடியைக் காப்பாற்றியது இப்படித்தான். வெளியே சொல்ல வெட்கம்.

அன்று வானம் வழக்கத்தைவிட அதிகமாகவே சிவந்தது. ஓடீல் போட்டது போட்டபடி ஓடி, தன் சரிவு முழுக்கக் கொளுத்தினாள். வேர்த்துக் கொட்டியது. உறைபனி விழுகிற ராத்திரியில் இப்படி வேர்க்குமா என்று அவளுக்குத் தோன்றவில்லை.

வாளிகள் பாதி எரிந்தபோது ஃபிர்மேன் மூச்சிரைக்க மேடேறி வந்தான்.

"ஏய் ஓடீல், பனியே இல்லையே! எதுக்குக் கொளுத்தினே?"

"நீ கொளுத்தினதப் பாத்துதான்."

"நானா? உன் நெருப்பப் பாத்துட்டுல்ல நான் ஓடிப்போய்க் கொளுத்தினேன்!"

இருவரும் வடக்கே திரும்பினார்கள். சிவப்புக்குள் வெளிறிய கோடுகள் எழுந்து நகர்ந்தன. அப்போது ஃபிர்மேனின் போன் அடித்தது, மகள்.

"சூரியன்ல புயலாம்," என்றான் கேட்டுவிட்டு. "நார்வேல தெரியற வெளிச்சம் இங்க வரைக்கும் வந்திருக்காம்."

"அழகாத்தான் இருக்கு, சனியன்," என்றாள் ஓடீல். இருவரும் வாளிகளை மூடி அணைக்க ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்.

மறுநாள் நிஜமாகவே உறைபனி வருவதாகச் செய்தி. கடைகளில் வாளி தீர்ந்திருந்தது. மிச்சமிருந்த அரை வாளிகள் விடியும்வரை தாங்காது. ஓடீல் சாயங்காலம் முழுக்க அவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு வேனில் ஏற்றி ஃபிர்மேன் வாசலில் கொண்டுபோய் இறக்கினாள்.

"ரெண்டு பேருதும் சேத்தா ஒரு தோட்டத்துக்குக் காணும். உன்னது பள்ளம், பனி அங்கதான் கனமா இறங்கும். என்னது மேடு, பிழைச்சாலும் பிழைக்கும்."

"பிழைக்கலைன்னா?"

"முதல்ல ஏமாந்தது நான்தானே. பேசிட்டு நிக்காத, வாளியைப் பிடி."

பிழைக்கவில்லை. விடிந்தபோது ஓடீலின் துளிர்கள் கறுத்துச் சுருண்டிருந்தன. அழுதாள், கொஞ்ச நேரம்தான்.

செப்டம்பரில் அறுவடை. ஃபிர்மேன் முதல் வண்டித் திராட்சையைத் தன் வீட்டுக்கு ஓட்டவில்லை. மேடேறி வந்து, ஓடீலின் கொட்டகையில் காலியாகக் கிடந்த திராட்சை பிழியும் ஆலைக்கு முன்னால் நிறுத்தினான்.

"இது என்ன?" என்றாள்.

"உன் வாளியில விளைஞ்சது," என்று சொல்லிவிட்டு இறக்க ஆரம்பித்தான்.