ரவையில் விழுந்த சிலுவை

நான் கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, அது என்ன வேலை என்று மார்த்தாண்டத்துச் சொந்தக்காரர்கள் யாருக்கும் பிடிபடவில்லை. ஒருமுறை சித்தியிடம், "எலிப்டிக் ஆபரேட்டர்களோட ஸ்பெக்ட்ரம்" என்று சொல்லிவிட்டேன்.

"ஆபரேட்டரா? நம்ம மூத்தவனும் குவைத்தில கிரேன் ஆபரேட்டருதானேட்டி" என்றாள். நான் திருத்தவில்லை.

கல்லூரிக் கருத்தரங்கில் நான் பேச வேண்டியிருந்தது. வெறும் சூத்திரத்தைப் போட்டால் முதல் வரிசையே தூங்கிவிடும், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதையாவது காட்டு என்றார் வழிகாட்டி. என்னோடு ஆய்வு செய்த பூதப்பாண்டித் தோழியும் நானும் எங்கள் வீட்டில் ஒத்திகை பார்த்தோம். சதுரத் தகடு ஒன்றை நடுவில் துளையிட்டு ஸ்பீக்கர் மேல் பொருத்தினோம். தகட்டில் ரவையைத் தூவி, செல்போனிலிருந்து வரும் ஒலியின் சுருதியை மெல்ல ஏற்றினோம். சில குறிப்பிட்ட சுருதிகளில் மட்டும் ரவை அதிரும் இடங்களை விட்டு ஓடி, அசையாத கோடுகளில் போய் ஒதுங்கும். அந்தச் சுருதிகளைத்தான் நாங்கள் காகிதத்தில் எண்களாகத் தேடுகிறோம். வீணைக் கம்பிக்கு அந்த எண்கள் படிக்கட்டுபோல் சம இடைவெளியில் வரும். தகட்டுக்கு அந்த ஒழுங்கெல்லாம் கிடையாது.

முதல் உருவம் விழுந்த நேரத்தில் சித்தி உள்ளே வந்தாள். தகட்டின் நடுவே, வெள்ளையாக, ஒரு சிலுவை.

"ஏட்டி, இது யாரு வரைஞ்சது?"

"யாரும் வரையல சித்தி. தானா வந்துச்சு."

பொய்யில்லை. ஆனால் சொல்லும்போதே செல்போனைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டேன். தோழி சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓடினாள்.

மறுநாள் மாலை சித்தியோடு ஜெபக்குழுப் பெண்கள் ஆறு பேர் பாட்டுப்புத்தகத்தோடு வந்து நின்றார்கள். சிலுவையை வரவழைத்தேன். ஒருவர் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார். அதற்குள் பாவி தோழி என் கையிலிருந்த போனில் சுருதியை ஏற்றிவிட்டாள். சிலுவை கலைந்து பெருக்கல் குறியாகி, பிறகு வட்டமானது.

"மோதிரம்!" என்றார் ஸ்தோத்திரம் சொன்னவர். "பிள்ளைக்குக் கல்யாணம் வருது!"

இதற்குமேல் தாங்காது என்று போனை மேசையில் வைத்து உண்மையைச் சொன்னேன். பாட்டுப்புத்தகங்கள் மூடப்பட்டன. சித்தி என்னைப் பார்க்கவில்லை, போனை எடுத்து அவளே சுருதியை ஏற்றி இறக்கினாள். ரவை குதித்தது, சிலுவையில் நின்றது, கலைந்தது, மறுபடி வட்டத்தில் நின்றது.

"இதுக்கும் அதுக்கும் இடையில ஏன்ட்டி ஒண்ணும் நிக்க மாட்டேங்குது?"

நான் திகைத்துப்போனேன். என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயமே அந்தக் கேள்விதான். தகட்டுக்கு எல்லை இருப்பதால் எல்லா அதிர்வும் அதற்குள் பொருந்தாது, பொருந்துகிறவை தனித்தனியாக விலகித்தான் நிற்கும் என்று என்னால் முடிந்தவரை சொன்னேன். தலையாட்டினாள். புரிந்ததா என்று தெரியவில்லை. ஆனால் இருட்டும்வரை அவள் போனைத் தரவில்லை. மற்றவர்களும் சுற்றி நின்று, "இன்னும் கொஞ்சம் ஏத்து" என்றார்கள்.

கருத்தரங்கில் சித்தியின் கேள்வியிலிருந்தே பேச்சைத் தொடங்கினேன். யாரும் தூங்கவில்லை. வீட்டில்தான் நிலைமை வேறு. நான் எவ்வளவு விளக்கியும் மோதிரத்தை மட்டும் அவர்கள் விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே களியக்காவிளையிலிருந்து ஒரு வரன் வந்தது.